தங்கச்சியின் எச்சில்

பக்கத்து வீட்டுக்காரியின் வளையலுக்கு, அவள் புருஷனுக்குக் கிடைத்த வேலைக்கு, அவள் பிள்ளை வாங்கிய மார்க்குக்குப் பொறாமைப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்தவள் வாயில் ஊறும் எச்சிலுக்குப் பொறாமைப்பட்டவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு நேர் எதிரே, தையல் கடையில் காஜா போடுகிற அக்கா.

ரோடு அவ்வளவு அகலமில்லை. அக்காவின் புருஷன்தான் தையல் மாஸ்டர். அவர் அங்கே கத்தரியை மேசையில் வைத்தால் எனக்கு இங்கே கேட்கும். முன்னால் கடை, பின்னால் அவர்கள் வீடு, நடுவில் ஒரு பழைய திரைத்துணி. கடைக்குள் மாஸ்டரின் வெட்டு மேசை, இரண்டு மெஷின், ஜன்னலோரம் ஒரு முக்காலி, உள்பக்கம் ஒரு முக்காலி. வெளிச்சம் ஜன்னலோர முக்காலிக்குத்தான். பதினெட்டு வருடம் அதில் அக்கா உட்கார்ந்திருந்தாள். சட்டையின் முன்பட்டையில் சாக்பீஸால் குறி வைத்து, பொத்தான் நுழையும் அளவுக்குச் சின்னக் கத்தரியால் கீறி, கீறிய ஓரம் பிரியாமல் சுற்றி நெருக்கமாகத் தைத்து, இரண்டு முனையிலும் குறுக்கே தையல் போட்டு முடிப்பதற்குப் பேர்தான் காஜா. மற்றவர்கள் முனையில் இரண்டு குறுக்குத் தையல் போடுவார்கள். அக்கா மூன்று போடுவாள். "சட்டை கிழியும், என் காஜா கிழியாது" என்பாள்.

அந்த அக்கா இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். நாலு மாதம் அப்படியே கிடந்தாள். தெருவில் கொழுப்பு என்றார்கள், நடிப்பு என்றார்கள். வாயில் வந்ததைச் சொல்ல யாருக்கும் டாக்டர் சீட்டு வேண்டியதில்லை. அவளுடைய தங்கச்சிதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மனச்சோர்வு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து அக்கா தானாகத் தலை வாரினாள், மூன்றாம் மாதம் கடைக்கு வந்தாள்.

வந்து பார்த்தால் ஜன்னலோர முக்காலியில் தங்கச்சி.

தங்கச்சிக்குப் பேர் குட்டி. முப்பத்தெட்டு வயதிலும் குட்டிதான். கல்யாணம் ஆகவில்லை, அடுத்த தெருவில் ஒரு ரூமில் தனியாக இருந்தாள். வேலை பார்த்த பேக்கிங் கம்பெனியை மூடியதும் அக்காவைப் பார்த்துக்கொள்ள வந்தவள், சும்மா இருக்காமல் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டாள். கை வேகமான கை. அக்கா திரையை விலக்கிக்கொண்டு நின்றபோது குட்டி எழுந்திருக்கத்தான் போனாள். மாஸ்டர்தான், "பரவால்ல, நீ உக்காரு குட்டி. அவளுக்கு இப்பத்தான் உடம்பு தேறியிருக்கு, வெளிச்சம் கண்ணு கூசும்" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். அக்கா உள்முக்காலியில் போய் உட்கார்ந்தாள்.

அதோடு வாயும் காய்ந்தது.

மாத்திரை ஆரம்பித்த மாதமே காய ஆரம்பித்துவிட்டது, படுக்கையில் கிடந்தவளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. ஊசியில் நூல் கோக்கும்போதுதான் தெரிந்தது. நூல் முனையை நாக்கில் வைத்து உதட்டால் இழுத்தால் முறுக்கேறிக் கூராக வர வேண்டும். அக்கா இழுத்தால் பஞ்சு பஞ்சாக வந்தது. நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பேச ஆரம்பித்தால் வாய்க்குள் டப் டப்பென்று சத்தம். ரெண்டு வாய் சோறு விழுங்க அரைச் சொம்பு தண்ணீர். காலையில் கண் விழித்தால் உதடு பல்லில் ஒட்டியிருக்கும், விரல் விட்டுப் பிரிக்க வேண்டும்.

அந்தப் பக்கம் குட்டியைப் பாருங்கள். ஜாம் பன்னை ஒரு கையில் வைத்துக் கடித்துக்கொண்டே பேசுவாள், பேசிக்கொண்டே சிரிப்பாள், சிரித்துக்கொண்டே நூலை நாக்கில் ஒரு இழுப்பு இழுத்து ஒரே குத்தில் ஊசிக்குள் விடுவாள். எச்சில் தெறிக்கும். வெயில் அவள் முகத்துக்கு நேரே விழுவதால் அந்தத் துளி மின்னுவதுகூட எனக்கு இங்கிருந்து தெரியும். அக்கா உள்முக்காலியில் உட்கார்ந்து அந்த வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். பசித்தவள் இலையைப் பார்ப்பது போல.

"மாமா, நேத்து ஒருத்தன் அளவு குடுக்க வந்தானே, மூச்ச இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நின்னான் பாத்தீங்களா? சட்டைய வாங்குற அன்னைக்கும் அப்படியே நிப்பானா?"

"ரெண்டு இஞ்சு சேத்தே வெட்டியிருக்கேன் குட்டி. மனுஷன் சாப்பிட வேணாமா?"

"நாலு இஞ்சு சேருங்க. கல்யாணமாகி வருஷமாகுதுன்னான்."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். அக்காவுக்கும் சொல்ல ஒன்று இருக்கும். பதினெட்டு வருடம் அந்தக் கடையில் கேலி பேசியவள் அவள். நாக்கைப் பிரித்து எடுத்து, உதட்டை நனைத்து, வாயைத் திறப்பதற்குள் பேச்சு வேறு இடத்துக்குப் போயிருக்கும்.

மேசைப் பக்கம் தண்ணீர் கொண்டுவரக் கூடாது என்பது மாஸ்டரின் சட்டம். ஒரு தடவை யாரோ டம்ளரைத் தட்டி, பட்டுத்துணி ஒன்று பாழாகியிருக்கிறது. அதனால் அக்கா ஒவ்வொரு தடவையும் எழுந்து, திரையை விலக்கி, பின்கட்டுக்குப் போய் ஒரு வாய் குடித்துவிட்டு வருவாள்.

"எத்தன தடவதான் எந்திரிப்ப?" என்பார் மாஸ்டர், கத்தரியில் கண் இருக்க.

"வாய் காயுதுங்க."

"எல்லாருக்கும்தான் காயுது. வெயில் அப்படி."

"உனக்குக் கோத்துத் தரட்டாக்கா?" என்பாள் குட்டி. "பத்து ஊசிய மொத்தமா கோத்து வச்சிடறேன், நீ எடுத்து எடுத்துத் தை."

தங்கமான யோசனை. அக்காவுக்கு அவளை அந்த ஊசியாலேயே குத்த வேண்டும் போலிருந்ததாம். பின்னால் என்னிடம் சொன்னாள். "அவ எச்சில் பண்ணின நூலை நான் வாங்கித் தைக்கணுமா பாப்பா? என் புருஷன் கடையில, என் முக்காலிக்கு எதிர்ல உக்காந்துக்கிட்டு?"

குட்டி அறுபது காஜா போடும் நேரத்தில் அக்கா முப்பது போட்டாள்.

இனி என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். மாதாமாதம் அந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்தவள் நான். வாயை உலர்த்தும் என்று மருந்துப் படிப்பில் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியிருக்கிறேன். எங்கள் தெருவில் முதல் பட்டதாரி என்று பேர் வேறு. "வாய் காயுதாக்கா?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. சீட்டைப் பார்த்தேன், அட்டையை எடுத்தேன், உறையில் போட்டேன். அது மட்டுமில்லை. ஒரு நாள் அக்கா கல்லாப் பக்கத்து ஜாடியைக் காட்டி, "அந்தப் புளிப்பு மிட்டாய் குடு பாப்பா" என்றாள். கொடுத்தேன். மறுநாளும் கேட்டாள். ஒரு வாரத்தில் பாக்கெட்டாகவே வாங்க ஆரம்பித்தாள்.

"யாருக்குக்கா இவ்வளவு?"

"எனக்குத்தான். வாயில போட்டா ஊறுது."

சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நானும் சிரித்தேன். மடச்சி.

ஊறத்தான் செய்தது. காலையில் ஒன்றைக் கன்னத்தில் அடக்கினால் கரையும்வரை வாய் ஈரம். கரைந்ததும் அடுத்தது. நூல் முறுக்கேறியது. முப்பது நாற்பதாகி, நாற்பத்தைந்தானது. டப் டப் சத்தம் போய்ப் பேச்சு திரும்பியது. மாஸ்டரிடம் ஏதோ சொல்லி அவர் வாய்விட்டுச் சிரித்ததை ஒரு நாள் இங்கிருந்து கேட்டேன். அன்றைக்கு அக்கா எழுந்து நின்று முந்தானையை உதறிச் செருகிய விதமே வேறு.

அதற்குள் வெயில் போய் மேகம் கூடியது. மழைக்கு முந்தின புழுக்கத்தில் எறும்புகள் சுவரோரம் கோடு கட்டி வீட்டுக்குள் ஏறும் நாட்கள். அப்போதுதான் வக்கீல் வந்தார். கையில் பை, பையில் முந்தின வாரம் தைத்து வாங்கிப் போன ஆறு வெள்ளைச் சட்டை. அவர் சத்தம் கேட்டு, கடையில் ஆளில்லாததால் நானும் ரோட்டைத் தாண்டிப் போனேன்.

"மாஸ்டர், நான் உங்களுக்கு என்ன பாவம் பண்ணேன்?"

"என்ன சார், டைட்டா இருக்கா?"

"ஜட்ஜ் முன்னாடி நிக்கிறேன். நெஞ்சுல சுருக்குனுது. சொறிஞ்சேன். கழுத்துல சுருக்குனுது, அங்கயும் சொறிஞ்சேன். ஜட்ஜ் கேக்கிறாரு, 'என்ன, உங்க வாதம் உங்களையே கடிக்குதா'ன்னு. கோர்ட்டே சிரிக்குது!"

மாஸ்டர் சட்டைகளை மேசையில் விரித்தார். காலரில் ஒன்றுமில்லை, பையில் ஒன்றுமில்லை. காஜாக்களில் மட்டும், ஒவ்வொன்றிலும், சின்னச் சிவப்பு எறும்புகள் வட்டமாக உட்கார்ந்து பந்தி நடத்திக்கொண்டிருந்தன. அவர் விரலால் காஜாவைத் தடவி, மோந்து பார்த்தார். பிசுபிசுவென்று இருந்தது.

"சீனி மாதிரி வாடை வருது. யாரு போட்ட காஜா இது?"

மாஸ்டர் தையலைப் பார்த்தே சொல்லியிருக்கலாம். அதற்குக் கண்ணாடி போட வேண்டும். கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டது என்று வாடிக்கைக்காரர்கள் நினைப்பார்களாம், அதனால் போடமாட்டார்.

அக்கா கன்னத்தில் இருந்த மிட்டாயை நாக்கால் தள்ளி மறுபக்கம் ஒதுக்கினாள். நான் பார்த்தேன்.

"குட்டிதான் எந்நேரமும் ஜாம் பன்னு தின்னுக்கிட்டே நூல் கோக்கிறா. நான் சொன்னா பொல்லாப்பு" என்றாள்.

குட்டி எழுந்து வந்தாள். ஒரு சட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். முனையில் மூன்று குறுக்குத் தையல். அடுத்த சட்டையை எடுத்தாள். மூன்று. சட்டையை மடித்து வைத்தாள்.

"ஆமா மாமா. நாந்தான் போல."

"போலன்னா என்ன குட்டி? திங்கிற எடமா இது?" மாஸ்டர் வக்கீல் எதிரே கத்த வேண்டியிருந்தது, கத்தினார். "ஆறு சட்டைக்கும் நான் இப்ப என்ன பதில் சொல்றது? கொஞ்ச நாள் கடைப்பக்கம் வராத, போ."

எனக்குத் தெரிந்திருந்தது. மிட்டாயை விற்றவளே நான். வாயைத் திறந்திருக்கலாம். அடுத்த வீட்டுச் சண்டை என்று வந்துவிட்டேன்.

குட்டி போன மூன்றாம் நிமிஷம் அக்கா ஜன்னலோர முக்காலியில் இருந்தாள். ஆனால் அவளுக்கு அது இனிக்கவில்லை. "அவ அழுதிருந்தா பரவால்ல பாப்பா. 'நீதாண்டி போட்ட'ன்னு கத்தியிருந்தா இன்னும் நல்லது. பாத்துட்டா, தெரிஞ்சுக்கிட்டா, நாந்தான்னு சொல்லிட்டுப் போயிட்டா. எல்லாத்துலயும் என்ன முந்தினா, நல்லவளா இருக்கிறதுலயும் முந்திட்டா."

கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் "குட்டி எங்க?" என்று கேட்டார்கள். மாஸ்டர் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். ஆள் இல்லாத இடத்தின் மேல் பொறாமைப்படுவது இன்னும் கஷ்டம், அதை எந்த முக்காலியிலிருந்தும் எழுப்ப முடியாது.

பத்து நாளில் பல் போனது. தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தபோது முன்பல்லின் ஓரம் மண்கட்டி மாதிரி உதிர்ந்து மடியில் விழுந்தது. கடைவாயில் ஏற்கெனவே வலி இருந்திருக்கிறது, சொல்லவில்லை. அதற்கப்புறம் மிட்டாயை வாயில் வைத்தாலே கூச்சம் மண்டைவரை ஏறியது. மிட்டாயும் போயிற்று. உதட்டை மூடியே வைத்துக்கொண்டாள். இவ்வளவுக்கும் காரணம் அந்த மாத்திரைதானே என்று யோசித்தாள். யோசித்து, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினாள்.

மாதம் பிறந்து ஒரு வாரமாகியும் அக்கா அட்டை வாங்க வரவில்லை. எனக்கு உறுத்தியது. மத்தியானம் நானே போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், மடியில் சட்டை. ஊசியில் நூல் கோத்திருந்தது. தைக்கவில்லை.

"அக்கா, மாத்திரை வாங்கலயே?"

"வேணாம் பாப்பா." வாயைக் கொஞ்சம் திறந்து நாக்கைக் காட்டினாள், குழந்தை காட்டுவது போல. "இங்க பாரு. ஈரம். தானா ஊறுது."

"எத்தன நாளா நிறுத்தியிருக்க?"

"பதினேழு."

"யாரக் கேட்டு நிறுத்தின?"

"யாரக் கேட்டு அது என் எச்சிலை எடுத்துச்சு?"

தூங்குகிறாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். சாப்பிட்டாயா என்றேன். ஞாபகம் இல்லை என்றாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் கண் என் முகத்திலிருந்து நழுவிப் பின்னால் சுவருக்குப் போனது. அந்தப் பார்வையை நாலு மாதம் பார்த்தவர் மாஸ்டர். கத்தரியை வைத்துவிட்டு எழுந்தார். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பெண்டாட்டியின் முகத்தைக் கிட்ட வந்து பார்த்தார்.

"பாப்பா, இவளக் கொஞ்சம் பாத்துக்க. ஆஸ்பத்திரி ஃபைல் குட்டிகிட்டதான் இருக்கு."

அவர் போய்க் கூப்பிட, குட்டி ஃபைலோடு வந்தாள். அக்காவுக்குச் சீப்பை எடுத்துத் தலை வாரி, புடவையைச் சரி செய்து, ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மாஸ்டரோடு நானும் போனேன். என் கடைக்காரர் அரை நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளட்டும்.

டாக்டர் ஒரு அம்மா. ஃபைலைப் புரட்டி, "என்ன ஆச்சு?" என்றார்.

"மாத்திரைய நிறுத்திட்டா மேடம். பதினேழு நாளாச்சு. வாய் ரொம்ப..." என்று ஆரம்பித்தாள் குட்டி.

"நான் சொல்றேன்" என்றாள் அக்கா.

"நீ சிரமப்படாதக்கா, நான்..."

"நோயாளி நான்தான்டி! இதையும் நீயே சொல்லிடுவியா?"

அந்த ரூமே அதிர்ந்தது. பதினேழு நாளில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்தது அப்போதுதான். பிறகு சொன்னாள். வாய் காய்ந்தது, நூல் பஞ்சானது, எழுந்து எழுந்து தண்ணீர் குடித்தது, மிட்டாய், பல். டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார். அக்கா நிறுத்தவில்லை. "அந்த மிட்டாய் எச்சில்லதான் வக்கீல் சட்டைக்கு எறும்பு வந்துச்சு. குட்டி மேல பழியப் போட்டேன். அவ ஜன்னல்ல உக்காந்திருந்தா, வாய் நெறைய எச்சிலோட சிரிச்சா, என்னால பாக்க முடியல. இதுக்கும் மாத்திரை இருந்தா எழுதுங்க."

டாக்டர் பேனாவை நிறுத்தினார். மாஸ்டர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு மாத்திரை இல்லம்மா" என்றார் டாக்டர். "வாய்க்கு வழி இருக்கு. நீங்க நிறுத்தினதுதான் தப்பு, காயுதுன்னு வந்து சொல்லியிருந்தா அப்பவே வேற மாத்திரை பாத்திருப்பேன். வாயக் கம்மியா உலர்த்துறது இருக்கு. கொறஞ்ச அளவுல ஆரம்பிச்சு, ரெண்டு வாரத்துல திரும்பப் பாக்கலாம். மிட்டாய் வேணவே வேணாம். எச்சில் இருந்தாத்தான் பல்லுக்குக் காவல். காவல் இல்லாத வாயில நாள் முழுக்கச் சீனிய ஊற வச்சிருக்கீங்க. சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லுங்க, அதுவும் ஊறும். தண்ணிய பக்கத்துலயே வச்சுக்கிட்டு வாய் வாயா குடிங்க. வாய்க்குள்ள தடவ ஜெல் எழுதறேன். இன்னைக்கே பல் டாக்டரையும் பாருங்க." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார்.

"மருந்துக்கடைல வேலை பாக்கிறேன் மேடம்."

"ஓ" என்றார். அவ்வளவுதான். அந்த "ஓ" எனக்குப் போதும்.

வெளியே வராந்தாவில் நல்ல மழை. பெஞ்சில் அக்காவும் குட்டியும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் நின்றபடியே தொண்டையைச் செருமினார்.

"குட்டி, அன்னைக்கு நான் விசாரிக்காம கத்திட்டேன். நாளைக்குக் கடைக்கு வந்துடு."

"நான் வரல மாமா."

"கோவமா?"

"கோவம் இல்லாம இருக்குமா?" குட்டி தரையைப் பார்த்துப் பேசினாள், ஆனால் அக்காவுக்குத்தான் பேசினாள். "அன்னைக்கு நான் நல்லவன்னு வாய மூடிக்கிட்டுப் போகல. திரும்பிப் பேசினா என்னென்ன வந்திருக்கும்னு எனக்கே பயம். நீ நாலு மாசம் கெடந்தியே, மாமா ஒவ்வொரு நாளும் உன் பக்கத்துல உக்காந்து வாய்ல ஊட்டினாரு. துப்பின. தொடச்சிட்டுத் திரும்ப ஊட்டினாரு. நான் ரூம்ல காய்ச்சலாக் கெடந்தா கதவத் தட்ட ஆள் கெடையாது. உன் வாயத் தொடச்ச அந்தத் துணிய நாந்தான் தெனம் துவைச்சேன். துவைக்கிறப்பல்லாம் எனக்கு எரியும். என் எச்சிலுக்கு நீ பொறாமைப்பட்டியாம். உன் சீக்குக்கு நான் பொறாமைப்பட்டேன், போதுமா? ரெடிமேட் கம்பெனில மெஷின் குடுத்திருக்காங்க. திங்கக்கெழமைலேர்ந்து போறேன். ரெண்டு வாரம் கழிச்சு இங்க வர்றப்ப சொல்லுங்க, லீவு போட்டு வர்றேன். கடைக்கு வேணாம்."

மழை சரிந்து உள்ளே அடித்தபோது குட்டி ஃபைலை நனையாமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அக்கா நகர்ந்து உட்கார்ந்தாள், அவள் பக்கமாக. ஏதோ சொல்ல உதட்டைப் பிரித்து, அழுதாள்.

ஆட்டோவில் திரும்பும்போது அந்த அழுகையைப் பற்றி நான் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து, புது மாத்திரை அட்டையையும் ஜெல்லையும் வாங்க வந்தபோது அவளாகவே சொன்னாள். குட்டி வரமாட்டேன் என்றதும் முதலில் வந்தது நிம்மதிதானாம், அழுகை அதற்கு அப்புறம்தான் வந்ததாம். இந்த வரிசையை மாற்றாமல் சொன்னாள். உங்களிடம் சொல்லும்போது நானும் மாற்றவில்லை. "வாய் எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டேன்.